முட்டைப் பந்தும் ஒரு தட்டு இஷ்டும்

பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பெரியவர்கள் நின்றால் போதும், தண்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்துவிடும். தண்டு என்றால் பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதி. அந்தக் காலத்து நீலச் சட்டைப் பட்டாளம் கப்பைத் தோற்றது ஆட்டம் தெரியாமலா, இல்லை, யாராவது எதையாவது கலந்து கொடுத்ததாலா? ஒருவர் மைதானத்தில் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரைச் சொல்வார். இன்னொருவர் பந்தயம் கட்டியவர்களின் வேலை என்பார். மூன்றாமவர் குரலை இறக்கி, "எல்லாம் குசினியில நடந்த வேலைப்பா" என்று ஆரம்பித்து, பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் இருமுவார். நான் அந்தக் குசினியில் சமைத்தவரின் மகள். அந்த இருமலை ஆயுசு முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்விட்டது.

அவர்களில் யாரும் அன்றைக்கு மைதானத்தில் நடந்ததைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. நானோ மைதானத்தில் உருப்படியாக எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது அதற்குப் பிறகு குசினியில் நடந்ததை. அதைச் சொன்னால் அவர்கள் சண்டை தீரும் என்று நினைக்காதீர்கள். தீராது.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால். அந்த வருஷம் வெயில் காலத்தில் டைபாய்டு வந்து, டாக்டர் கையை விரித்து, பாதிரியார் வந்து சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய் பூசி, எல்லாம் ஆகி நான் பிழைத்தேன். முடியெல்லாம் கொட்டிப்போய்த் தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் வெளியே போவேன். டாக்டர் கையை விரித்த அன்று அம்மா நேராக மாதா கோயிலுக்குப் போய்ப் பொருத்தனை நேர்ந்துகொண்டாள். செப்டம்பர் திருநாளுக்குக் கொடி ஏறியதிலிருந்து தேர் நிலைக்கு வருகிறவரை எங்கள் வீட்டில் ஒருவர் நாக்கிலும் மாமிசம் படாது, முட்டை படாது. தண்டுக் கிறிஸ்தவர்கள் அந்த நாட்களில் கவிச்சி ஒதுக்குவது வழக்கம்தான். ஆனால் என் அம்மா எல்லோரும் செய்கிற அளவோடு நிற்கிறவள் இல்லை. "எங்க வூட்ல ஒரு வாய் தப்புனாலும் நீ குடுத்த புள்ளைய நீயே எடுத்துக்கோ" என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டாளா? ஜீவனஹள்ளியில் எங்கள் லைன் வீடுகள் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் தீர்த்தாள். என் உயிரை வைத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேசி முடித்த ஏற்பாடு அது.

மாதா கையில் என் உயிர் இருந்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. அது என் மாமாவின் வாயிலும் இருந்தது என்பதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஆட்டுக்கால் வாசனை எந்தத் தெருவில் வந்தாலும் அந்தத் தெருவில் அவருக்கு வேலை இருக்கும். கொடி ஏறிய நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் நான் கிட்டப் போய் மோந்து பார்ப்பேன். அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டுவார். "பாரு, கீரை. பாரு, அவரைக்கா. உன்னால நான் ஆடா ஆயிட்டேன்டி மொட்டச்சி" என்பார். நான் சிரிக்க மாட்டேன். அன்றைய நாள் தப்பினேன் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அப்பாவைப் பற்றி எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவர் நீலச் சட்டைப் பட்டாளத்தின் மெஸ்ஸில் குசினிக்காரர். மாமா அவருக்குக் கீழே மேட்டி, அதாவது அடுப்பு மூட்டி, காய் நறுக்கி, பாத்திரம் தேய்க்கிற ஆள். பட்டாளத்துக்கு முழ நீளப் பெயர் ஒன்று உண்டு. எங்களுக்கு அது வாயில் நுழையாது. விளையாடும்போது நீலச் சட்டை போட்டதால் நீலச் சட்டைப் பட்டாளம். அந்தச் சமயம் தண்டில் இன்னொரு பட்டாளமும் இருந்தது. அது மஞ்சள் சட்டை.

மெஸ்ஸில் ஒரு சட்டம் இருந்தது. சமைத்தது எதுவானாலும் மேஜைக்குப் போகுமுன் குசினிக்காரர் மெஸ் சார்ஜண்டின் கண்ணெதிரே ஒரு கரண்டி எடுத்துத் தின்று காட்ட வேண்டும். மற்ற நாளில் அப்பாவுக்கு அது மகிழ்ச்சியான வேலை. கொடி ஏறிய பிறகு என்ன செய்வது? சார்ஜண்ட் துரையிடம் பொருத்தனையைச் சொல்லி விளங்கவைப்பது நடக்கிற காரியமில்லை என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவர் சபை வேறு, நம் சபை வேறு, கேட்டால் சிரிப்பார் என்றார். அதனால் அப்பா ஒரு தந்திரம் செய்தார். கரண்டியை வாய் வரைக்கும் கொண்டுபோவார். மீசையை ஒரு தடவு தடவுவார். "வெரி குட், சார்" என்பார். துரை திரும்பியதும் கரண்டியில் இருந்தது அடுப்புச் சாம்பலுக்குள் போய்விடும். உப்பு, காரமெல்லாம் மூக்கால் மோந்தே சரிபார்த்துக்கொள்வார். அந்த நாட்களில் அவருக்கு மெஸ்ஸில் எதையும் வாயில் வைக்க மனசு வராது என்பதால், வீட்டிலிருந்து நான் அடுக்குச் சட்டியில் சோறு கொண்டுபோவேன். அப்படிப் போனபோது இந்த நாடகத்தை நானே பார்த்திருக்கிறேன். அப்பா எவ்வளவு கெட்டிக்காரர், என் உயிரை எப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பைனல் வந்தது, தேருக்கு ஓரிரு நாள் இருக்கும்போது. மஞ்சளும் நீலமும் மோதுகிற ஆட்டம். எங்கள் பக்கத்தில் யாரும் அதை ரக்பி என்று சொல்ல மாட்டார்கள். முட்டைப் பந்து என்போம். மழைக்காலம் முழுக்கச் சேற்றில் புரண்டு ஒருவன் மேல் ஒருவன் விழுந்து ஆடுவார்கள். அதற்கு என்ன கணக்கு, எப்போது ஜெயிக்கிறார்கள் என்பது தண்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. இருந்தாலும் தங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற பட்டாளம் எதுவோ அதன் பக்கம் நின்று உயிரை விடுவார்கள். அந்த வருஷம் நீலச் சட்டைக்காரர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. கப்பு அவர்களுக்குத்தான் என்று அல்சூர் வரைக்கும் பேச்சு.

அன்று நான் சோற்றுச் சட்டியோடு குசினிக்குப் போனபோது பெரிய சட்டியில் இஷ்டு கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் மிளகும் போட்டு, ஸ்டூ என்று துரைமார் சொல்வதை நாங்கள் இஷ்டு என்போம். ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தனிச் சட்டி. அப்பா உள்ளே மேஜை போட்டுக்கொண்டிருந்தார். குசினி வாசலில் மாமா யாரோ ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தார். அவன் மஞ்சள் சட்டைப் பட்டாளத்துக் குசினியில் வேலை செய்கிறவன். நம் கோயிலுக்கு வருகிற ஆள்தான். என்னைப் பார்த்து, "புள்ள தேறிடிச்சா?" என்று கேட்டான். பிறகு இரண்டு பேரும் பீடி குடிக்க மரத்தடிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா மட்டும் ஏதோ மறந்தவர் போல உள்ளே ஓடி வந்து, மறுபடி போனார். நான் வாசல்படியில் உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திரும்பி வந்ததும் குரல் உயர்ந்தது. அப்பா சத்தம் போடுகிற மனுஷர் இல்லை.

"டேய், மூடி ஏன்டா கீழ கெடக்குது?"

"தெரில மச்சான். நான் வெச்சிட்டுத்தான் போனேன்."

"சட்டிய வுட்டு நகராதேன்னு சொன்னேனா இல்லையா? இன்னிக்கிப் போயி எவனயோ இங்க நிக்க வெச்சிருக்கே. அவன் எந்தப் பட்டாளத்து ஆளுன்னு உனக்குத் தெரியாது?"

அப்பா கரண்டியால் சட்டியைக் கிளறி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் நெடுநேரம் மோந்து பார்த்தார். எனக்கு அதில் ஒன்றும் விபரீதமாகத் தெரியவில்லை. இந்த வாரம் முழுக்க மோந்துதானே பார்க்கிறார். பிறகு சார்ஜண்ட் துரை வந்தார். நாடகம் நடந்தது. மீசையைத் தடவினார். சட்டி மேஜைக்குப் போனது.

மாமா என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். துரைமார் குடைக்குக் கீழே, நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். தூறல் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்திலேயே நீலமும் மஞ்சளும் ஒரே சேற்று நிறமாகிவிட்டதால் யார் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. மாமா தோளில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். முதல் பாதியில் நீலம்தான் முன்னால் இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இருந்திருக்கும்.

இடைவேளைக்குப் பிறகுதான் அது. ஒரு சோல்ஜர் ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அடிபட்டுவிட்டது என்று நினைத்தோம். அப்புறம் இன்னொருவன். ஒருவன் கயிற்றோரமாக வந்து, எங்களுக்கு எதிரிலேயே வாந்தி எடுத்தான். பந்து அவன் காலடியில் உருண்டு போனது, அவன் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு மஞ்சள் சட்டைக்காரர்கள் ஓட, நீலச் சட்டைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களால் நிற்க முடிந்ததே பெரிது.

கூட்டத்தில் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. "வெச்சுட்டானுங்கப்பா" என்று எங்கள் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "இன்னா வெச்சுட்டானுங்க?" "சாப்பாட்டுல." அந்த ஒரு சொல் கயிறு நெடுக ஓடியது. தமிழில் ஓடியது, கன்னடத்தில் ஓடியது, பிளாக்பள்ளியிலிருந்து வந்த கறிக்கடைக்காரர்கள் வாயில் உருதுவிலும் ஓடியது. மாமா என்னைத் தோளிலிருந்து இறக்கினார். என் கையைப் பிடித்திருந்த அவர் கை நனைந்திருந்தது. அது மழையில்லை. ஆட்டம் முடியுமுன்பே என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது. என்ன ஆச்சு மாமா, என்ன ஆச்சு மாமா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். "வாயை மூடிட்டு வா" என்றார். மாமா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

குசினி வாசலில் துப்பாக்கியோடு ஒரு சோல்ஜர் நின்றான். எங்களை உள்ளே விட்டான், வெளியே போக விடவில்லை. உள்ளே அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மெஸ் சார்ஜண்ட் இருந்தார். அவருடைய முகம் எப்போதுமே சிவப்புதான், அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. டாக்டர் துரை ஒருவர் இஷ்டுச் சட்டியின் அடியில் மிச்சமிருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ஜண்ட் பட்டாளத்து இந்துஸ்தானியும் இங்கிலீஷுமாகக் கலந்து பேசினார். பிளாக்பள்ளிக் கடைத்தெருவில் கேட்டுப் பழகியதால் எனக்குப் பாதி புரிந்தது. அவர் முட்டாள் இல்லை. இந்த வாரம் முழுக்க அப்பாவின் கரண்டி வாய்க்குப் போகாமல் சாம்பலுக்குப் போனதைக் கவனித்துத்தான் இருந்திருக்கிறார். ஏதோ இந்தியாக்காரன் சேஷ்டை என்று விட்டிருக்கிறார். இப்போது அது அவருக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், சமைத்தவன் மட்டும் குத்துக்கல்லாக நிற்கிறானே எப்படி? தின்பது போல நடித்தவனுக்குச் சட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? மஞ்சள் பட்டாளத்தில் எவன் உனக்குக் கொடுத்தான்?

அப்பா தன் பட்லர் இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மாதா என்றார், சர்ச் என்றார், என்னைக் காட்டி பேபி சிக் என்றார். என் முக்காட்டை விலக்கி மொட்டைத் தலையைக்கூடக் காட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. என் மொட்டைத் தலைக்கும் முட்டைப் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று சார்ஜண்டுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் பொறுத்துத்தான் பார்த்தார். பிறகு, சட்டியை வேறு யார் தொட்டார்கள், யார் கிட்டே வந்தார்கள் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பாவும் மாமாவைப் பார்த்தார். வாசலில் பீடி குடிக்க வந்தவன் பெயரை ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்கே தோன்றியது. சொல்லுங்களேன் அப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நோபடி, சார்," என்றார் அப்பா. "ஒன்லி மீ."

சார்ஜண்ட் ஒரு தட்டை எடுத்தார். சட்டியில் மிச்சமிருந்ததை வழித்து ஊற்றினார். தட்டு நிறைந்தது. ஆறிப்போய், மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை மேஜைமேல் வைத்து, "காவ்," என்றார். தின்னு. தின்னாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லத் தேவையில்லை. வாசலில் துப்பாக்கிக்காரன் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் துரை ஏதோ தடுத்துச் சொல்லப் பார்த்தார், சார்ஜண்ட் கேட்கவில்லை.

அப்பா தின்னாவிட்டால் ஜெயில். தின்றால் நான். ஒரு வாய் தப்பினாலும் எடுத்துக்கோ என்று அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தட்டு நிறைய இருக்கிறது, எத்தனை வாய் என்று மாதா எண்ணமாட்டாளா? அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் முகத்தை, முக்காட்டை, கால் வரைக்கும் பார்த்தார். என்னிடம் உத்தரவு கேட்கிறார் என்று நினைத்தேன். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அப்பா தின்றார். நிதானமாக, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றார். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்து அதையும் தின்றார். எழுந்து, "வெரி குட், சார்" என்றார். வாரம் முழுக்கச் சொன்ன அதே சொல்தான்.

வீட்டுக்குப் போகலாம், ஆனால் காலையில் ஆள் வரும், வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள். ஜீவனஹள்ளிக்கு நடந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமா அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தார். "ஒண்ணும் பேசாதே. நீ முன்னாடி நட" என்றார் அப்பா. எனக்கு நடக்க முடியவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடுவது போல இருந்தது. முன்பு டைபாய்டும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணை அவ்வளவு தூரம் இடுப்பில் தூக்கிவந்தார். அவர் மூச்சில் இஷ்டு வாசனை அடித்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வாசலில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாக என்னவோ சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சரி, பொருத்தனை கெட்டதைச் சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அம்மா என்னைத் திட்டுவாள், அப்பாவைத் திட்டுவாள், லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

அப்பா கிணற்றடியில் தலைக்குக் குளித்தார். முகச்சவரம் செய்துகொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து தன் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கறுப்புக் கோட்டு, அந்துருண்டை வாசனை அடிக்கும். அதைத் திருநாள் அன்று தேர் பார்க்கப் போட்டுக்கொள்வார். இல்லையென்றால் சாவுக்குப் போகும்போது. அன்றைக்குத் தேர் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் சாவு. யாருடைய சாவு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? காலையில் கூட்டம் வரும்போது அவசரமாக உடுத்த வேண்டாம் என்று இப்போதே தயாராகிவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவு நிச்சயமா என்று இருந்தது.

பாயை விரித்துக் கோட்டோடு படுத்தார். அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு, ஜெபமாலையைக் கொண்டுவந்து அவர் விரல்களில் சுற்றினாள். "இங்க வா கண்ணு, எங்கிட்ட படுத்துக்கோ" என்றார் அப்பா. போகாமல் இருக்க முடியாதே. போய்ப் படுத்தேன். அவர் கையை என் மார்மேல் வைத்தார். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எண்ணி நான் இன்னும் மெதுவாக மூச்சுவிட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வானதூதர் எந்தப் பக்கமாக வருவார், ஜன்னல் வழியாகவா கதவு வழியாகவா, வந்தால் வலிக்குமா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அழுதால் அவருக்கு நான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று அழவும் இல்லை. எப்போது தூங்கினேனோ தெரியாது.

விடிந்தது. காக்காய் கத்தியது. எனக்குப் பசித்தது. செத்தவர்களுக்குப் பசிக்காது என்று யோசித்து நான் கண்ணைத் திறந்தபோது, அப்பா கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஏப்பம்கூட இல்லை. பட்டாளத்திலிருந்து வந்த ஆள் அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். குசினிக்காரர் அதே சட்டியில் ஒரு தட்டு நிறையத் தின்றும் கல்லாக இருக்கிறார் என்றால் இஷ்டுவில் ஏதும் இல்லை என்று டாக்டர் துரை எழுதிக்கொடுத்துவிட்டார். அப்படியானால் அத்தனை பேர் வயிற்றைக் கலக்கியது எது? அங்கே ஆரம்பித்ததுதான் இந்த எலுமிச்சைத் தண்ணீரும், பந்தயக்காரர்களும், முதல் நாள் ராத்திரி கள்ளச் சாராயமும். அப்பா தின்றது அடியில் இருந்த மிச்சம், மேலே தூவியது மேலேயே போய்விட்டது என்று சொல்கிற மேதைகளும் உண்டு. ஆட்டக்காரர்கள் நாலைந்து நாளில் எழுந்துவிட்டார்கள். கப்பு மஞ்சள் பட்டாளத்தோடு வடக்கே போனது.

தேர் வந்தது, நிலைக்குப் போனது. நான் சாகவில்லை. மாதா அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கிறவள் இல்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். அம்மா அடுத்த வருஷம் பொருத்தனை எதுவும் செய்துகொள்ளவில்லை. மாமா அந்த மாதமே கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை குட்டி. கிறிஸ்துமசுக்கு வருவார், செப்டம்பரில் வரமாட்டார். அந்த மூடியைப் பற்றி அப்பா அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை.

அப்பா இறந்த வருஷத்தில் ஒரு நாள், நானும் அம்மாவும் அவர் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கோட்டு இல்லை, அதோடுதான் அவரை அடக்கம் செய்தோம். நான் சும்மா சிரிப்புக்காகத்தான் அந்தக் கதையை எடுத்தேன். அன்றைக்கு அப்பா என் சாவுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டார் என்று எப்படி நடுங்கினேன் தெரியுமா என்றேன். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் சாவா? யாருடி சொன்னது? அந்தச் சட்டியில எவனோ வெசத்தப் போட்டுட்டான்னுதானே உங்கப்பா நெனச்சாரு. ஒங்க மாமன் பேர சொன்னா அவன ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு, வெசம்னு தெரிஞ்சேதான் துன்னுட்டு வந்தாரு. பொழுது விடியாதுன்னு எங்கிட்ட சொன்னாரு. வெறச்சுப் போனப்புறம் நீ ஒண்டியா எப்படி எனக்குக் கோட்டு மாட்டுவேன்னு எங்கிட்ட கேட்டுட்டு, தானே குளிச்சு, தானே போட்டுக்கிட்டு படுத்தாரு."

அன்றைக்கு நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன், அது அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"எங்க தெரியும்? உன் நெஞ்சு மேல கைய வெச்சிக்கினு இருந்தாரு. புள்ள ஒண்ணும் தெரியாம நல்லாத் தூங்குது, எழுப்பிடாதேன்னாரு."